சிறுபிள்ளைப் பள்ளிக்குப் போடப்போகும் கூரை

மாவட்ட விசாரணை நீதிபதி அவர்களுக்கு,

இவ்வளவு காலம் ஊருக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தது போதும் என்று முடிவு செய்து இதை எழுதுகிறேன். பெயரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். வயது ஐம்பத்து மூன்று. தொழில், நடுநிலைப் பள்ளியில் கணித ஆசிரியர். முகவரி, அவெல்லினோ மாகாணம், ரோக்காஸ்பீனா, மேலத்தெரு. என் வீடு நிலநடுக்கத்தில் விழவில்லை, ஆகவே தற்காலிக மரவீடு எனக்கு ஒதுக்கப்படவில்லை.

அறுபத்திரண்டாம் ஆண்டு எங்கள் பக்கம் வந்த நிலநடுக்கத்துக்குப் பிறகு அரசு கூரை மாற்ற உதவி கொடுத்தது. ஊரில் எல்லாரும் கஸ்டானியா மர உத்திரங்களையும் ஓடுகளையும் இறக்கிவிட்டு, தாத்தா காலத்துக் கல்சுவர்கள் மேலேயே கான்கிரீட் தளம் போட்டுக்கொண்டார்கள். அந்தச் சுவர்கள் இரண்டு வரிசைக் கல், நடுவில் சல்லி, மண் கலந்த சுண்ணாம்பு. நான் இரண்டு முறை விண்ணப்பித்தும் எனக்கு மறுத்தார்கள், மேயருக்கு நான் ஓட்டுப் போடவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது. என் தங்கை கொன்சில்யாவின் வீட்டுக்குத் தளம் போட்டவன் ஒப்பந்தக்காரன் கனியோ. தளம் முடிந்த அன்று வழக்கப்படி கூரைமேல் கொடி நட்டு, வேலையாட்களுக்குப் பாஸ்தாவும் ஆட்டுக்கறியும் வைத்தோம். அதன் பிறகு கனியோ தன் மகனின் ஞானஸ்நானத்துக்கு என்னை ஞானத்தகப்பனாக நிற்கச் சொன்னான், நானும் நின்றேன். எங்கள் ஊரில் இந்த உறவு உடன்பிறப்பை விடக் கனம், இப்படிப்பட்டவனைக் காட்டிக்கொடுப்பவனுக்குத் காபிக்கடையில் நாற்காலி கூட நகர்த்த மாட்டார்கள்.

எண்பதாம் ஆண்டு நவம்பர் இருபத்து மூன்று, ஞாயிற்றுக்கிழமை மாலை, எல்லாரும் தொலைக்காட்சியில் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தபோது நிலம் ஆடியது. என் வீட்டு உத்திரங்கள் பழைய கட்டிலைப்போல முனகின, ஓடுகள் பாதி தெருவில் விழுந்தன, நான் வெளியே வந்துவிட்டேன். அதன் பிறகு புழுதி அடங்கியதும் தங்கை வீட்டுக்குப் போனேன். சுவர்கள் நான்கு பக்கமும் வெளியே சரிந்து கிடந்தன. தளம் மட்டும் முழுசாக, பானையின் மூடிபோல, தரைமட்டத்துக்கு வந்திருந்தது. கொன்சில்யாவும் அவள் கணவனும் அதற்கடியில் இருந்தார்கள். கொடி நட்ட இரும்புக் குழாய் மேலே அப்படியே நேராக நின்றது. ராணுவம் வரும்வரை நாங்கள் கார் ஜாக்கிகளால் அதைத் தூக்கப் பார்த்தோம். கொன்சில்யா முதல் நாள் முழுக்கப் பேசினாள், பெரும்பாலும் அடுப்பை அணைத்தேனா என்று கேட்டாள்.

அதன் பிறகு அங்கு வந்த கனியோ, தளத்தைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு என்னிடம் சொன்னான்:

"பாத்தியா வாத்தியாரே, நான் போட்டதுல ஒரு கீறல் இல்ல. உங்க தாத்தா கட்டின சுவருதான் கவுத்துடுச்சு."

அவன் கேலி செய்யவில்லை, உண்மையாகவே பெருமைப்பட்டான். ஊரும் அதையே நம்புகிறது: கான்கிரீட் உடையவில்லை, ஆகவே கான்கிரீட் நல்லது. எத்தனையோ வருடம் இவர்களுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவன் நான்.

இப்போது விஷயம். கன்னியாஸ்திரிகள் நடத்தும் சிறுபிள்ளைப் பள்ளியின் சுவர்கள் அன்று விழவில்லை, வெடித்ததோடு நின்றுவிட்டன. நிவாரணப் பணத்தில் வெடிப்புகளை அடைத்து வெள்ளையடித்திருக்கிறார்கள். வரும் சனிக்கிழமை அவற்றின்மேல் கான்கிரீட் தளம் போடப்போவது கனியோதான். கொடி தைத்தாகிவிட்டது, ஆட்டுக்கும் சொல்லியாகிவிட்டது. கொன்சில்யாவின் பேத்தி மிக்கேலா அந்தப் பள்ளியில்தான் படிக்கப்போகிறாள். ஊரில் எஞ்சியிருக்கும் சிறுபிள்ளைகள் எல்லாரும் அங்கேதான்.

அந்தச் சுவர் அவ்வளவு கனம் தாங்காது என்று கனியோவிடம் போய்ச் சொன்னேன், ஞானத்தகப்பன் விருந்துக்கு வந்தால் போதும், வேலைக்கு வேண்டாம் என்றான். மேயரிடம் போய் ஓடே போதும் என்றேன், ஓட்டுக்கூரை ஏழைகளுக்கு என்றார். மேற்பார்வைக்கு வந்த பொறியாளரை அழைத்துப்போய் வடக்குச் சுவரில் காபிக் கரண்டியால் சுரண்டிக் காட்டினேன், சாந்து மாவாகக் கொட்டியது. அவர் தன் காலணியைத் தட்டிக்கொண்டு, தளம் போட்டால் எல்லாம் இறுகிவிடும் என்றார். அதன் பிறகு போன வாரம் முழுப் பெயரும் போட்டு மனு எழுதிக் காவல் நிலையத்தில் கொடுத்தேன். சார்ஜென்ட் தாளைத் திருப்பிக் கையெழுத்தை முதலில் பார்த்தார்.

"மறுபடியும் நீங்கதானா? கூரைப் பணம் கெடைக்காத கோவம் இன்னும் தீரலையா, சார்?"

தீரவில்லை. மேயர்மேலும் கனியோமேலும் எனக்குக் கோபம் உண்டு, சாகும்வரை இருக்கும். ஆனால் அந்தச் சுவர் என் கோபத்தால் நிற்கவும் இல்லை, விழப்போவதும் இல்லை.

சனிக்கிழமைக்கு முன் ஓர் ஆளை அனுப்புங்கள். வடக்குச் சுவர், அடுப்புக்குப் பின்புறம், இடுப்பு உயரத்தில், வெள்ளையடிப்புக்குக் கீழே சுரண்டச் சொல்லுங்கள். அங்கே சாந்து உறுதியாக இருந்தால் நான் எழுதியது முழுவதும் பொய் என்று வைத்துக்கொள்ளலாம்.

மேலே சொன்னவற்றை என் கண்ணால் கண்டேன், காதால் கேட்டேன், எதையும் கூட்டவில்லை. இதைப் படித்தால் நான் யாரென்று எங்கள் ஊர்ச் சார்ஜென்ட் ஒரு காபி குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிடுவார். இருந்தாலும் கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கப்போகிறேன், ஏனென்றால் போட்டால் மறுபடியும் அதை மட்டும்தான் படிப்பார்கள். கரண்டியை உறைக்குள் வைத்திருக்கிறேன்.