மற்றப் பிரதி

கண்டியில் ஸ்வெட்டர் போடும் அளவுக்கு இப்போதெல்லாம் குளிர் இல்லை. நான் வேலை செய்த அறையில் மட்டும் வருடம் முழுவதும் போட வேண்டும். ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் சர்வர்கள் வைத்திருக்கும் அறை அது. என் வாக்குமூலத்தைப் பொலிஸில் நீங்களே சிங்களத்தில் எழுதிக்கொள்வதாகவும், நான் கையெழுத்துப் போட்டால் போதும் என்றும் சொன்னீர்கள். வேண்டாம், நானே தமிழில் எழுதித் தருகிறேன். நடந்ததை ஒழுங்காகச் சொல்ல எனக்கு இதுதான் வசதி.

என் பெயர் திவாகரன். பிறந்தது கலஹாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், வீடு இப்போது குண்டசாலையில். என்னோடு வேலை செய்த நிரஞ்சனுக்கு ஊர் மடுல்கெல்ல. ஆஸ்பத்திரியில் எடுக்கும் ஸ்கேன் படங்களைச் சேமித்து வைக்கும் சர்வர்களை நாங்கள் இருவரும்தான் பார்த்துக்கொண்டோம். எந்நேரமும் சேர்ந்தே திரிவதால் எங்களைப் புருசன் பெண்சாதி என்று நர்ஸ்மார் கேலி செய்வார்கள். நாங்களும் சிரிப்போம்.

வேலையைக் கொஞ்சம் விளக்கினால்தான் மற்றது புரியும். ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு பிரதிகள் உண்டு. ஒன்று ஒரு சர்வரின் டிஸ்க்கில் இருக்கும், மற்றது வேறொரு சர்வரின் டிஸ்க்கில். ஒரு டிஸ்க் பழுதானால் அதை அழித்துவிட்டுப் புதியதைப் போடலாம், மற்றப் பிரதி காப்பாற்றும். மற்றப் பிரதி இல்லாவிட்டால் சிஸ்டம் மறுத்துவிடும். 'பாவனையில் உள்ளது, அழிக்க முடியாது' என்று, அதாவது அந்த டிஸ்க் இன்னும் பயன்பாட்டில் இருக்கிறது என்று எரர் காட்டும். சில நேரம் எல்லாம் சரியாக இருந்தும் வீம்புக்கு அதே எரர் வரும். அப்போது மறுப்பை மீறி அழிக்க ஒரு கட்டளை இருக்கிறது.

அந்தக் கட்டளையைக் கொடுக்க நாங்கள் ஒரு பழக்கம் வைத்திருந்தோம். ஒருவன் மேல்மாடியில் திரைக்கு முன்னால் இருப்பான். மற்றவன் கீழே, டிஸ்க்குகளுக்கு முன்னால் ஃபோனுடன் நிற்பான். மற்ற டிஸ்க் இடத்தில் இருக்கிறதா, பச்சை விளக்கு எரிகிறதா என்று கண்ணால் பார்த்து, 'இருக்கு' என்று அவன் சொன்னால்தான் மேலே இருப்பவன் அமுக்குவான். சொல்லிவிட்டால் இரண்டாம் முறை கேட்க மாட்டான். திரையில் என்ன எழுதியிருந்தாலும் கீழே நிற்பவன் சொல்வதைத்தான் நம்புவோம்.

சித்திரை வருடப்பிறப்பு கழிந்த கையோடு என் மனைவி நிலூஷாவுக்குத் தலைவலி வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் த்ரீவீலரில் போட்டு எங்கள் ஆஸ்பத்திரிக்கே கொண்டு வந்தார். உடனே ஸ்கேன் எடுத்தார்கள், ஆனால் டாக்டரின் திரையில் படம் திறக்கவில்லை. நான் மேலே ஓடினேன். நிரஞ்சன் அங்கே உட்கார்ந்து டிஸ்க் வேலை செய்துகொண்டிருந்தான். ஆஸ்பத்திரி நிறைய ஆட்கள் இருக்கும் பட்டப்பகலில் அந்த வேலையைச் செய்யக் கூடாது என்பது அவனுக்குத் தெரியாததல்ல.

"இப்ப வந்துரும் மச்சான், கொஞ்சம் பொறு," என்றான்.

வந்தது. அதற்குள் அரை மணி நேரம் போயிருந்தது. பின்னேரம் நிலூஷா செத்துப்போனாள். அந்த அரை மணியால் எதுவும் மாறியிருக்காது, இரத்தக் கசிவு அவ்வளவு பெரியது என்று டாக்டர் சொன்னார். ஆஸ்பத்திரியில் சம்பளம் வாங்குகிறவர் வேறு எப்படிச் சொல்வார்.

அடக்கத்தின்போது நிரஞ்சன் என்னைவிட அதிகமாக அழுதான். "என்னைய மன்னிச்சிரு மச்சான்," என்றான். தப்புச் செய்யாதவன் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அப்போதே நினைத்துக்கொண்டேன். அதன் பிறகு அவன் மனைவி யசோதினி எனக்கும் சேர்த்துச் சமைத்தாள். அவன் தினமும் சோற்றுப் பார்சலோடு வந்தான். நான் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன், சாப்பிட்டுக்கொண்டே அவனை வெறுத்தேன். அவன் சாக வேண்டும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை, அதை நீங்கள் நம்பலாம். நான் பட்டதை அவன் பட வேண்டும், அதுவும் அவன் கையாலேயே நடக்க வேண்டும் என்றுதான் விரும்பினேன். அது நியாயமான ஆசையாகவே எனக்குப் பட்டது.

ஆடி மாதம் அவனுடைய அம்மாவுக்குத் தலைக்குள் கட்டி என்று தெரிந்தது. பேச்சியம்மா என்று பெயர், கொழுந்து பறித்து மகனைப் படிக்க வைத்தவர். ஒப்பரேஷனுக்கு முதல் நாள் வார்டுக்குப் போய்ப் பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சாப்பிட்டியாப்பா? மெலிஞ்சி போயிட்ட," என்றார். "நீயும் இருக்க, எம் மகனும் இருக்கான். எனக்கு என்னாப்பா பயம்?"

நல்ல மனுசி. அவர் மேல் எனக்கு எந்தக் கோபமும் இருக்கவில்லை.

வார்டிலிருந்து இறங்கிவந்து, அவருடைய படங்கள் எந்த இரண்டு டிஸ்க்குகளில் இருக்கின்றன என்று தேடி எடுத்து வைத்தேன். மறுநாள் காலையில் நிரஞ்சன் லீவு போட்டுவிட்டு ஒப்பரேஷன் தியேட்டருக்கு வெளியே இருந்தான். அங்கே டாக்டர்கள் எங்கள் சர்வரிலிருந்து வரும் படத்தைப் பார்த்துத்தான் வெட்டுவார்கள். "இன்னைக்கு மட்டும் எதையும் தொட வேணாம் மச்சான்," என்று கேட்டுக்கொண்டான். சரி என்றேன்.

ஒப்பரேஷன் தொடங்கிய பிறகு, ஒரு டிஸ்க்கைப் பழுதானது என்று சிஸ்டத்தில் குறித்தேன். மற்றதைக் கையால் உருவி எடுத்தேன். பிறகு நிரஞ்சனுக்கு ஃபோன் செய்தேன். "ஒரு டிஸ்க் மாட்டிக்கிச்சு. அதால தியேட்டருக்குப் படம் இழுத்து இழுத்துப் போவுது. அழிக்கப் பாத்தா எரர் வருது. நான் கீழ நிக்கிறேன், நீ மேல போ," என்றேன். அம்மாவுக்குப் படம் தடைப்படக் கூடாது என்று அவன் படியேறி ஓடினான். மூச்சு வாங்குவது ஃபோனில் கேட்டது.

"பாவனையில இருக்குன்னு காட்டுது மச்சான். மத்த கொப்பி இருக்கா? நல்லா பாத்துச் சொல்லு."

டிஸ்க் என் கையில் இருந்தது. சூடுகூட ஆறவில்லை.

"இருக்கு," என்றேன். "அமுக்கு."

அமுக்கினான்.

அந்த நேரத்திலும் நான் அதைத் திருப்பிச் சொருகியிருந்தால் படம் வந்திருக்கும். இதை நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். தியேட்டரிலிருந்து ஃபோன் வந்தது, விடாமல் வந்தது. தரை துடைக்கும் பக்கெட்டில் தண்ணீர் இருந்தது. டிஸ்க்கை அதில் போட்டுவிட்டு மேலே போனேன், அவன் முகத்தைப் பார்க்க. இத்தனையும் செய்தது அந்த முகத்தைப் பார்ப்பதற்காகத்தான். அவன் தியேட்டர் நர்ஸிடம், "கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்க சிஸ்டர், கத்திய வைக்க வேணாம்னு சொல்லுங்க," என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் ஃபோனைக் கீழே வைத்தான்.

"நீ பாத்தேல்ல மச்சான்?" என்றான். எங்கள் பழக்கத்தில் அவன் இரண்டாம் முறை கேட்டது அன்றைக்கு மட்டும்தான்.

"பாத்தேன்," என்றேன்.

பேச்சியம்மா கண் விழிக்கவில்லை. அழித்த கட்டளை நிரஞ்சனின் பெயரில் இருந்தது. "நான்தான் அமுக்கினேன், எங்கம்மாவ நான்தான் கொன்னேன்," என்று அவன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். கீழே நின்றவன் நான் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. துப்புரவு செய்யும் மஸீனா பக்கெட்டிலிருந்து டிஸ்க்கை எடுத்து ஒப்படைத்திருக்காவிட்டால் நீங்களும் அவனைத்தான் கூட்டிப்போயிருப்பீர்கள். ஆகவே எழுதித் தருகிறேன்: பேச்சியம்மாவைக் கொன்றது நான்தான். தெரிந்தே செய்தேன். நிலூஷாவுக்காகச் செய்தேன்.

நேற்று நீங்கள் கேட்டதற்கும் பதில் எழுத வேண்டும். நிலூஷாவைக் கொண்டுவந்த நாளுக்கு முதல் நாள், அதே எரரை மீறி ஒரு டிஸ்க்கை அழித்த கட்டளை என் பெயரில் இருக்கிறது என்றீர்கள். அதனால் படங்கள் குழம்பின, மறுநாள் பகலில் நிரஞ்சன் உட்கார்ந்து அதைத்தான் சரிசெய்துகொண்டிருந்தான் என்றும் சொன்னீர்கள். உண்மைதான். வீட்டுக்குப் போகும் அவசரத்தில், கீழே ஆள் நிறுத்தாமலே அமுக்கினேன். அது எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும் என்பதுதான் தெரியாது.

பெண்சாதியைப் பறிகொடுத்தவனிடம் அதை எப்படிச் சொல்வது என்று மறைத்துவிட்டதாக அவன் உங்களிடம் சொல்லியிருக்கிறான். அன்றைக்கே என் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் நான் அவன் மேல் இவ்வளவு வன்மம் வைத்திருக்க மாட்டேன். பேச்சியம்மாவும் சுகமாகி மடுல்கெல்லவுக்குப் போயிருப்பார். அதை மறைத்த குற்றத்துக்காக அவனையும் நீங்கள் விசாரிக்க வேண்டும்.