மறுமுனை எதிராளியின் கையில்

கொட்டாஞ்சேனைத் தேவாலயப் பங்கு மண்டபத்தில், 1997 டிசம்பரில் ஒரு ஞாயிறு பின்னேரம் நடந்த மேசைப் போர் லீக்கின் பரிசளிப்பு விழாவில் ஐறீன் வின்சன்ற் பேசியது.

இந்த மண்டபத்தின் சாவிக்கொத்தைப் பதினொரு வருடமாக இடுப்பை விட்டு இறக்காத இன்றைய விழாத் தலைவர், பெருமதிப்புக்குரிய ஒஸ்வால்ட் அங்கிள் அவர்களே! ஞாயிற்றுக்கிழமைப் பகல் தூக்கத்தைத் தியாகம் செய்துவிட்டு முன்வரிசையில் முறுகிய முகத்தோடு வீற்றிருக்கும் மண்டபக் குழுப் பெரியோர்களே! பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக வந்து, போக மனமில்லாமல் கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்துவிட்ட தாய்மார்களே! அந்தத் தாய்மாரில் ஒருவராய், மூன்றாம் வரிசையில் கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி என்னை முறைத்துக்கொண்டிருக்கும் என் அம்மா திருமதி புளோறன்ஸ் வின்சன்ற் அவர்களே! வெள்ளவத்தையிலிருந்தும் ஜிந்துப்பிட்டியிலிருந்தும் மாளிகாவத்தையிலிருந்தும், அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி எத்தனையோ செக் பொயின்ற் கடந்து வந்திருக்கும் சக தளபதிகளே! இந்த வருடக் கிண்ணத்தை வென்றுவிட்டு, வெட்கத்தில் கதவோரம் ஒதுங்கி நிற்கும், எனக்கு அண்ணனைப் போன்ற புவாத் நானா அவர்களே! உங்கள் எல்லோருக்கும், இறுதிப் போட்டியில் தோற்றுப்போன ஐறீனின் தலை தாழ்ந்த வணக்கம். தலை மட்டுந்தான் தாழ்ந்திருக்கு. குரல் தாழாது, மன்னிச்சுக்கொள்ளுங்கோ.

ஏன் சிரிக்கிறியள்? வென்றவருக்குக் கிண்ணம், தோற்றவருக்கு ஒலிவாங்கி. இது இந்த லீக் தொடங்கிய நாள் முதல் உள்ள வழக்கம். வென்றவரைப் பேச விட்டால் தன்னைப் பற்றித்தானே பேசுவார்! தோற்றவர்தான் ஆட்டத்தைப் பற்றிப் பேசுவார் என்று முதலாம் வருடமே முடிவெடுத்துவிட்டார்கள். ஆகவே நான் ஆட்டத்தைப் பற்றிப் பேசப் போகிறேன்.

அதற்கு முதல், வாசலில் உள்ள அறிவித்தல் பலகையைப் பார்த்தீர்களா? பார்க்காதவர்களுக்காகப் படிக்கிறேன். "ஆங்கிலப் புதுவருட தினமான எதிர்வரும் தை முதலாம் திகதி முதல் மேசைப் போர் லீக்குக்கு மண்டபம் வழங்கப்படமாட்டாது. இப்படிக்கு, ஒஸ்வால்ட், தலைவர், மண்டபக் குழு." நான் பேசி இறங்கியதும் குழு கூடி இதை உறுதிசெய்யப் போகிறது. வெள்ளவத்தையில் ரியூசன் வகுப்பு நடக்கும் ஒரு மேல்மாடி எங்களுக்கு இருந்தது. அந்த வீட்டுக்காரரும் "இனி வேண்டாம் பிள்ளை" என்று கதவைப் பூட்டிவிட்டார். இந்தக் கதவும் மூடினால் இந்த லீக் இல்லை. எட்டுத் தளபதிகள், எண்ணூறு வீரர்கள், நாற்பத்திரண்டு யானைகள், எல்லாம் கட்டிலுக்குக் கீழே பெட்டிக்குள் போய்விடும். இதற்கெல்லாம் காரணம் யார்? நான். நானேதான்! ஆகவே நானே பதில் சொல்ல வேண்டும்.

தாய்மார்களுக்காக ஒரு நிமிடம். இந்த ஆட்டம் என்னவென்றால், ஆறடிக்கு நாலடி மேசை. அதன் மேல் அட்டையில் செய்த மலை, நீலப் பெயின்றில் ஓடும் ஆறு, ஐஸ்கிறீம் குச்சிப் பாலம், காய்ந்த தேயிலைச் சக்கையில் முளைத்த காடு. கட்டைவிரல் உயர வீரர்கள். காலாள் ஒரு தடவைக்கு நாலு அங்குலம் நகரலாம், குதிரை எட்டு அங்குலம். முட்டினால் தாயக்கட்டை உருட்ட வேண்டும், விழுந்த எண்ணுக்கு ஆள் விழும். அவ்வளவுதான். ஆனால் ஒரு விதி இருக்கிறது, அதை மட்டும் மனதில் போட்டுக்கொள்ளுங்கள். தூரம் அளக்கும்போது நாடாவின் ஒரு முனை உங்கள் கையில், மறுமுனை உங்கள் எதிராளியின் கையில். தனியாக யாரும் அளக்கக் கூடாது. தனியாக அளந்த அளவு செல்லாது!

இனி அந்த ஒக்டோபர் ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். வெள்ளவத்தை மேல்மாடியில் எனக்கும் புவாத் நானாவுக்கும் இறுதிப் போட்டி. இரண்டரைக்கு முதல் வந்து சேராதவர் தோற்றவர். நாலு வருடமாக இந்த மனுசன் என்னிடம் தோத்துக்கொண்டு வாறார். என்ன நானா, பொய்யோ? பாருங்கோ, தலையாட்டுறார். இந்த முறையும் விடக் கூடாது என்று மூன்று கிழமை இருந்து ஒரு திட்டம் போட்டேன். போட்டதோடு நிற்காமல் வரைந்தேன். மலை, ஆறு, பாலம், சிவப்புப் பேனையில் அம்புக்குறிகள். பக்கத்தில் என் அழகான கையெழுத்தில், "மூன்று மணிக்கு முதல் பாலத்தைப் பிடிக்க வேண்டும். பு-வின் வலப்பக்கத்தை உடைக்க வேண்டும்."

சிரியுங்கோ, சிரியுங்கோ. இன்னும் இருக்கு. நான் வேலை செய்வது துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் கம்பனியின் கந்தோரில். கடதாசியை வீணாக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்ட பிள்ளை நான். கழித்துப் போட்ட கந்தோர்க் கடதாசியின் பின்பக்கத்தில் வரைந்தேன். முன்பக்கத்தில் என்ன இருந்தது? அந்தக் கிழமை கொழும்புக்கு வரும் கப்பல்களின் பட்டியல்! திகதி, நேரம் எல்லாம் சேர்த்து!

இந்த வருடத்தில், இந்தக் கொழும்பில், ஒரு தமிழ்ப் பெண், கைப்பைக்குள் அப்படியொரு கடதாசியை வைத்துக்கொண்டு பஸ் ஏறுகிறாள். அவளுக்கு மூளை இருக்கிறதா? அம்மா, நீங்கள் பதில் சொல்ல வேண்டாம், வீட்டில் நிறையச் சொல்லிவிட்டீர்கள்.

செக் பொயின்றில் எல்லோரையும் இறக்கினார்கள். பையைத் திறந்தார்கள், கடதாசியை விரித்தார்கள். பஸ் போய்விட்டது. நான் போகவில்லை. எந்த ஸ்டேஷன் என்று சொல்ல மாட்டேன், அது இந்தக் கதைக்குத் தேவையில்லை. ஒரு நீள மர வாங்கில் இருத்தினார்கள். ஒரு இன்ஸ்பெக்டர் வந்து கடதாசியை மேசையில் விரித்து, "மே கந்த கொஹேத?" என்றார். இந்த மலை எங்கே இருக்கிறது என்று கேட்கிறார். "மேசைக்கு மேலே, சேர்" என்றேன். பாலம் எதால் கட்டியது என்றார். "ஐஸ்கிறீம் குச்சியால, சேர்." அவர் சிரிக்கவில்லை. எனக்கு மட்டும் சிரிப்பு வந்ததா என்ன? பயந்துபோனேன். அந்தப் பயத்தை நான் மறைக்கப் போவதில்லை. அப்படிப் போய் இருந்தவர்களுக்கும், வெளியில் காத்து நின்றவர்களுக்கும் அது தெரியும். இந்த மண்டபத்தில் அவர்கள் எத்தனை பேர் என்றும் எனக்குத் தெரியும்.

பஸ்ஸில் என் பக்கத்து சீற்றில் ஒரு அம்மா இருந்தவ. எங்கே போறாய் பிள்ளை எண்டு கேட்க, சொன்னனான். அவ வெள்ளவத்தையில் இறங்கி, மேல்மாடி ஏறி, "அந்தப் பிள்ளையைப் பொலிசுக்குக் கொண்டு போட்டினம்" எண்டும், எந்த செக் பொயின்ற் எண்டும் சொல்லிப்போட்டுப் போயிருக்கிறா. பெயர் தெரியாது. இந்தக் கூட்டத்தில் இருந்தால், அம்மா, உங்களைக் கும்பிடுறன்.

அப்போது மணி இரண்டேகால். இன்னும் கால் மணித்தியாலம் கதிரையில் சாய்ந்து இருந்தால் கிண்ணம் புவாத் நானாவுக்கு! நாலு வருடக் கனவு! நடுவர் கிண்ணத்தைத் துடைத்து வைத்திருக்கிறார். இந்த மனுசன் என்ன செய்தார்? "கப்ப வெச்சிட்டு வாங்க, அந்தப் புள்ள அங்க தனிய ஈக்கிது" என்று சொல்லி, தன் படைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, விதித்தாளை எடுத்துக்கொண்டு, நேரே அந்த ஸ்டேஷனுக்கே வந்துவிட்டார். பெட்டி நிறையச் சிப்பாய்களோடு பொலிசுக்குள் போனால் தன்னையும் சேர்த்து இருத்துவார்கள் என்று அவருக்குத் தெரியாதா? மாளிகாவத்தையில் பிறந்து வளர்ந்த மனுசனுக்குத் தெரியாதா? தெரிந்துதான் வந்தார்.

இன்ஸ்பெக்டரின் மேசையில் படையை அடுக்கினார். சிங்களத்தில் ஒரு மணித்தியாலம் விதி விளக்கினார். இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பி, "சரி, இது விளையாட்டு என்றால், ஒவ்வொரு அம்புக்குறியும் என்ன என்று இப்போதே இந்தப் பொம்மைகளை வைத்துக் காட்டு" என்றார்.

அப்போது எனக்கு வந்த முதல் கவலை என்ன தெரியுமோ? மானங்கெட்ட கவலை! ஐயோ, புவாத் நானா பக்கத்தில நிக்கிறாரே, என்ட பிளான் முழுக்கப் போச்சே! உயிர் போகிற இடத்தில் இப்படியும் ஒரு மனம் இருக்குமா? இருந்தது. வேறு வழியில்லை. குதிரையை வைத்து, யானையை வைத்து, பாலத்தை எப்படிப் பிடிப்பேன், அவருடைய வலப்பக்கத்தை எப்படி உடைப்பேன் என்று, என் எதிராளியின் கண் முன்னால் ஒன்று விடாமல் காட்டினேன். ஆறு மணிக்கு விட்டார்கள். கடதாசியைத் தரவில்லை. அது இன்றைக்கும் எங்கோ ஒரு கோப்புக்குள் கிடக்கிறது.

எனக்கு ஆறு மணிக்கு விடிந்தது. எல்லோருக்கும் ஒரு புவாத் நானா வரவில்லை. அதை நினைக்காமல் இந்தக் கதையைச் சொல்லி முடிக்க எனக்கு உரிமையில்லை.

இரண்டு கிழமை கழித்து இதே மண்டபத்தில் போட்டி. நாணயம் சுண்ட முதல் நானா ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். "தங்கச்சி, ஒங்கட பிளான நான் பாத்துட்டேன். பாக்காத மாதிரி நடிக்க எனக்கு வராது. இந்தாங்க, இது என்ட பிளான், நீங்களும் பாருங்க." இரண்டு திட்டமும் திறந்து கிடக்க, மூன்று மணித்தியாலம் விளையாடினோம். ஒளிக்க ஒன்றுமில்லாத ஆட்டம் அவ்வளவு கடினம் என்று நான் அன்றைக்குத்தான் அறிந்தேன்.

கடைசித் தடவை. என் குதிரைகள் பாலத்தைத் தொட்டால் வெற்றி எனக்கு, தொடாவிட்டால் அவருக்கு. எட்டு அங்குலம் ஓடலாம். நாடாவின் ஒரு முனை என் கையில், பாலத்தடியில் மறுமுனை அவர் கையில். மண்டபமே எழும்பி நின்றது. நான் பார்த்தேன், எட்டரை. அவரும் பார்த்தார். பார்த்துவிட்டு நாடாவை மெல்லத் தளர்த்தி, எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார்: "எட்டுண்டே வெப்போம் தங்கச்சி. நீங்க பட்டது போதும்."

எனக்குக் கோபம் வந்தது! கிண்ணத்தை விட்டு என்னைத் தேடி வந்த மனுசனிடம் கோபம் வரலாமா? வந்தது. "நானா, இறுக்கிப் பிடியுங்கோ. எட்டரை. பாவம் பாத்து எனக்கு அரை அங்குலம் வேண்டாம்!" என்று எல்லோருக்கும் கேட்கக் கத்தினேன். தோற்றேன். அன்றைக்கு வீட்டுக்கு நடந்து போகும்போது, அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு முதன்முதலாக, செக் பொயின்றைக் கண்டு நான் நடையைக் குறைக்கவில்லை. இது சத்தியம்.

யாரது பின்னால்? "ஊரெல்லாம் சண்டை, உங்களுக்கு மேசையிலயும் சண்டையோ" என்றா கேட்கிறீர்கள்? நல்ல கேள்வி, நான் எதிர்பார்த்த கேள்வி. ஐயா, எந்தச் சண்டையில் எதிராளி நாடாவின் மறுமுனையைப் பிடிக்கிறான்? எந்தச் சண்டையில் எதிராளி தன் திட்டத்தை விரித்து வைத்து "நீயும் பார்" என்கிறான்? எந்தச் சண்டையில் விழுந்தவனெல்லாம் அடுத்த ஞாயிறு எழும்பி வருகிறான்? இந்த நாட்டில் அப்படி ஒரு சண்டை இந்த மேசையில் மட்டும்தான் நடக்கிறது. அதையா பூட்டப் போகிறீர்கள்? அதையா பெட்டிக்குள் போடப் போகிறீர்கள்?

ஒஸ்வால்ட் அங்கிள்! நீங்கள் கெட்ட எண்ணத்தில் அந்தத் தாளை ஒட்டவில்லை. நான் பிடிபட்ட அன்று, என் அம்மாவோடு கோயில் படியில் ஆறு மணி வரை இருந்தவர் நீங்கள். அதை அம்மா எனக்குச் சொன்னவ. எங்கள் மேல் பாவம் பார்த்துத்தான் பூட்டப் பார்க்கிறீர்கள். நாடாவைத் தளர்த்துகிறீர்கள், அங்கிள். எனக்கு அது வேண்டாம். பயம் இல்லையா? இருக்கிறது! பிழை விட்டேனா? விட்டேன்! அந்தப் பிழை இனி நடக்காது. இனி வரைபடம் தெருவில் போகாது. இங்கேயே வரைவோம், இந்த அலுமாரியிலேயே பூட்டி வைப்போம், அலுமாரிச் சாவி உங்கள் இடுப்பில். ஒவ்வொருவர் கையிலும் இது விளையாட்டு என்று மூன்று மொழியிலும் எழுதிய கடிதம், அடியில் உங்கள் கையெழுத்து. நாங்கள் செய்யக் கூடியது இவ்வளவும். அதற்குப் பிறகும் பூட்டுவதென்றால், அது தனியாக அளந்த அளவு, அங்கிள்.

இதோ, புது வருடத்துக்கான மேசை. புவாத் நானா தன் கடைப் பலகையில் அடித்துக் கொண்டுவந்தது. ஆறடி சரியா என்று அளந்தால்தான் லீக் ஏற்றுக்கொள்ளும். நாடா என் கையில் இருக்கிறது. மறுமுனையை எதிராளிதான் பிடிக்க வேண்டும், அது விதி. இன்றைக்கு இந்த மண்டபத்தில் என் எதிராளி நீங்கள்தான். வருவீர்களா?

யாரும் கை தட்டாதேங்கோ. அவரை யோசிக்க விடுங்கோ.

அம்மா, நீங்களும் எழும்ப வேண்டாம்.

எழும்புறார். மெதுவா, அங்கிள், வயர் கிடக்கு, பாத்து. அந்தப் பக்கம். ஓம், அந்த மூலையில வையுங்கோ. இல்லை, இன்னும் இறுக்கி. இறுக்கிப் பிடியுங்கோ அங்கிள்! எவ்வளவு எண்டு நீங்களே வாசியுங்கோ, மைக்கில.

கேட்டதா, பெரியோர்களே? ஐந்தடி பதினொன்றரையாம். அரை அங்குலம் குறைவாம்! புவாத் நானா, அங்கிள் பாவம் பாராமல் சொல்லிப்போட்டார். மேசையைத் திருப்பிக் கொண்டுபோய், தை பிறக்க முதல் திருத்திக் கொண்டுவாருங்கோ. என்ன அங்கிள், தை முதல் ஞாயிறு கதவு திறப்பீர்கள்தானே? பேச வேண்டாம், சாவியைத் தொட்டுக் காட்டினால் போதும்.

காட்டிவிட்டார்! இனி கை தட்டலாம்.

இவ்வளவு நேரம் காது கொடுத்த தலைவருக்கும், முகம் முறுகி வந்து இப்போது கொஞ்சம் இளகியிருக்கும் குழுவினருக்கும், என்னை முறைப்பதை நிறுத்திவிட்ட என் அம்மாவுக்கும், உங்கள் எல்லோருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. ஐந்து மணியாகிறது, வெளிச்சத்தோடு வீடு போய்ச் சேருங்கள். அடையாள அட்டையை மறக்காதீர்கள். வணக்கம்!