வெறும் வயிற்று ரத்தம்

— மறுபடியும் சொல்றேன் எஸ்தரு, நல்லா கேட்டுக்க. பொண்ணுக்கு ரத்தம் எடுத்த அன்னிக்கி இந்த லேப்புல இருந்தது யாரு யாரு? நான், குமரகுரு. என் சம்சாரம் லோகாம்பாள். என் பொண்ணு தேவிப்ரியா. மாப்பிள்ளைக்குத் தாய்மாமன்னு வாலாஜாபாத்துலேர்ந்து வந்த இளவரசன். அப்புறம் நீ. எங்க வீட்டு வாய் தெறக்காது. நீ தெறந்தியா?

— இல்லீங்க ஐயா. ஒருத்தர் ரத்தத்தப் பத்தி வெளிய பேசினா, நான் லேப்ப சாத்திக்கினு போவ வேண்டியதுதான்.

— அப்போ மிச்சம் அவன் ஒருத்தன்தான். பொண்ணு ரத்தத்துல பால் ஓடுது, தீராத வியாதின்னு ஐயம்பேட்டை ஷேர் ஆட்டோ வரைக்கும் பேச வெச்சவன். நிச்சயத்தன்னிக்கி தாம்பூலத்தட்டு கூடத்துல அப்பிடியே கெடந்துச்சும்மா. ஒருத்தனும் படியேறல. எங்க வீட்டு வாசல்ல அப்பிடி ஒரு நாள் வந்ததில்ல.

— நான்தான் அப்பவே சொன்னனே, அது வியாதி இல்லீங்க, கொழுப்பு. சாப்புட்டு வந்தா யாரு ரத்தமும் அப்பிடித்தான் நிக்கும்.

— சொன்ன. ஒரு வார்த்தை விடாம வெச்சிருக்கிறேன். நெய் முழுங்கினா வயித்துல அதுக்குப் பெருசா ஒண்ணும் ஆவாது. சிறுகுடலுக்குப் போனாத்தான் பித்தநீர் வந்து சோப்பு மாதிரி உடைக்கும். அப்புறம் என்னா?

— பொடிப் பொடியா பிரிஞ்சப்புறம் கணையத்துலேர்ந்து வர்ற நீர் அத வெட்டும். வெட்டினது குடல் சுவத்துக்குள்ள பூந்து, அங்க மறுபடியும் ஒண்ணு சேந்து சின்னச் சின்ன உருண்டையா கட்டிக்கும். மாவுச்சத்து மாதிரி நேரா ஈரலுக்குப் போவாது. நிணநீர்க் குழாய் வழியா சுத்திக்கினு மேல ஏறி, கழுத்துக்கிட்ட ரத்தத்துல வந்து விழும்.

— விழுந்தா பால்.

— கொஞ்ச நேரத்துக்குத்தாங்க. தசை தனக்கு வேணுங்கறத எடுத்து எரிச்சுக்கும். மிஞ்சினது தொப்பையில போய் உக்காந்துக்கும். ரத்தம் தானா தெளிஞ்சிடும். அதுக்குத்தான் ராத்திரி சாப்பாட்டோட நிறுத்திக்கினு வெறும் வயித்துல வரச் சொல்றது. இப்ப எதுக்குங்க இந்தப் பாடமெல்லாம்?

— விடியக்காலம் உள்ள போன நெய் இந்நேரம் ரத்தத்துக்கு வந்திருக்கும், இல்ல?

— வந்திருக்கும். யாருக்குக் குடுத்தீங்க?

— ரத்தம் குடுத்துட்டு வெளிய பெஞ்சுல ஒக்காந்திருக்கிறானே, அவனுக்குத்தான். இன்னிக்கி இன்சூரன்சுக்கு ரத்தம் குடுக்க உன்கிட்ட வரப் போறான்னு அவன் கூட சுத்துற கட்சிக்காரனே சொன்னான். நடந்தது நடந்துபோச்சு, வந்து சாமி கும்பிட்டுட்டுப் போப்பான்னு எங்க கோயிலுக்கு வரவெச்சேன். எங்க குடும்பக் கட்டளைப் பொங்கல். எடுத்தா நெய் முழங்கை வரைக்கும் வழியும். என் கையால தொன்னை தொன்னையா குடுத்தேன். பிரசாதத்த எவன் வேணாம்பான்?

— கர்த்தரே! நான் கேட்டதுக்கு 'பச்சத்தண்ணி கூட குடிக்கல மேடம்'னாரே!

— சொல்லத்தான் செய்வான். இட்லி தின்னா டிபன். பிரசாதம் எந்தக் காலத்துல சாப்பாட்டுல சேந்துது? அந்த நம்பிக்கையிலதான் வலை விரிச்சேன். ரத்தத்தப் பிரிக்கிற மெஷின் சுத்தி நின்னுடுச்சு பாரு. அவன் குழாய எடு.

— முடியாதுங்க.

— உங்கம்மா எங்க கழனியில நடவு நட்டவ. நான் சொல்லி அவ ஒரு நாள் மறுத்ததில்ல.

— அது உங்க கழனிங்க. இது என் லேப்பு. ஐயா... ஐயா! தொடாதீங்க! வெச்சிடுங்க அத!

— அடடா. பாரு, எஸ்தரு. கறந்த பால் மாதிரி நிக்குது. இத ஒரு தடவ கண்ணால பாக்கணும்னுதான் நான் ராவெல்லாம் முழிச்சுக்கினு கெடந்தேன். டேய் இளவரசா! உள்ள வாடா! கதவு தெறந்தே இருக்கட்டும், உன் கூட வந்த கட்சிக்காரனுங்களும் கேக்கட்டும்!

— என்னா மாமா, சவுண்டு தெரு வரைக்கும் வருது? யாருக்கு என்னா ஆச்சு?

— எல்லாரும் பாத்துக்குங்கப்பா! இது இந்த இளவரசன் ரத்தம். பால் ஓடுற ரத்தம். வியாதிக்கார வம்சம். இப்பிடி ரத்தம் இருக்கிற வீட்டுல எவனும் பொண்ணு குடுக்காதீங்க, எடுக்காதீங்க. குமரகுரு சொல்றேன்!

— அட, என்னுதா அது? செம மாமா! பாக்கெட் போட்டு விக்கலாம் போல இருக்குது. எல்லாம் உங்க பொங்கல் பண்ண வேலை. இன்னும் ஏப்பத்துல நெய்தான் வருது.

— பல்ல காட்டாத! என் பொண்ணு பேர சந்தி சிரிக்க வெச்சவன் நீ. இவங்க அத்தினி பேர் முன்னாடியும் கையெடுத்து மன்னிப்பு கேளு. இல்லன்னா இந்தக் குழாய வாலாஜாபாத் கடைத்தெருவுல வெச்சிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்.

— மாமா, மேட்டர் என்னான்னா, நானா ஒண்ணும் சேத்துக் கட்டல. நாங்க பொண்ணு ரத்தம் கேட்டதும் உங்களுக்கு ரோசம் வந்துடுச்சு. 'அவள மட்டும் என்னா, எங்க வம்சத்து ரத்தத்தையே பாருங்கடா'ன்னு நீங்களும் கைய நீட்டினீங்க. ஸ்டாண்டுல ஒரு குழாய் தெளிவு, ஒரு குழாய் பால். பால் யாருதும்மான்னு உங்க பொண்ணையே கேட்டேன். 'என்னுதுதான்'னுச்சு. எங்கக்கா கிட்ட சொன்னேன். அது பயந்து நாலு பேர்கிட்ட கேட்டுச்சு. அவ்ளோதான்.

— அதுல தப்பென்னா? அன்னிக்கி விடியக்காலம் கோயில்ல நான் பிரசாதம் எடுத்துக்கினப்ப அவளுக்கும் ஒரு தொன்னை குடுத்தேன். பால் மாதிரிதான் நிக்கும்.

— பாப்பா அத சாப்புடலீங்க. மூடி எடுத்தாந்து, ரத்தம் குடுத்தப்புறம் தோ இந்த மேசையில வெச்சுத்தான் சாப்புட்டுச்சு.

— அப்போ பால் யாருது மேடம்?

— ஐயா, நீங்க கொஞ்சம் அந்த ரூமுக்கு வாங்க. தனியா சொல்றேன்.

— தனியா எதுக்கு? ஒளிச்சு வெச்சுப் பேசறதுக்கு எங்க வீட்டுல ஒண்ணும் கெடையாது. எல்லார் காதுலயும் விழற மாதிரி சொல்லு.

— அந்தப் பொண்ணு என் கைய புடிச்சுக்கினு கெஞ்சிச்சுங்க. 'வெறும் வயிறுன்னு அப்பா சம்பந்தி வீட்டு ஆளு முன்னாடி சத்தியம் பண்ணிட்டாரு, அவரு தலை குனியக் கூடாது, எம்மேலயே இருக்கட்டும்'னுச்சு. என்னை சொல்ல வெக்காதீங்க.

— என் பொண்ணு மேல விழுந்த பழி தொலையணும். யாருதா இருந்தா எனக்கென்னா? சொல்லுடின்றேன்!

— சரிங்க. தேவிப்ரியா ரத்தத்துல பால் ஓடுதுன்னு ஊரு பேசறது பொய். பொண்ணுது தெளிவா இருந்துச்சு, பாலா நின்னது உங்களுது.