விட்டுப்போன நாலு நாள்

— நாலு நாள் மாத்திரை போடலைன்னு எழுதிக்குங்க மேடம்.

— மறுபடியுமா அண்ணே? போன மாசம் மூணு, இந்த மாசம் நாலு. எச்.ஐ.வி. மாத்திரைன்னா தலைவலி மாத்திரையா, நினைச்சாப் போட, நினைச்சா விட? நானும் தொண்டை கிழியக் கத்திட்டேன். வெல்டிங் பட்டறையில முகமூடி இல்லாம நெருப்புப் பக்கம் போவீங்களா?

— மாட்டேன்.

— அப்ப இதுல மட்டும் என்ன அலட்சியம்?

— நல்லாக் கேளுங்க மேடம். இன்னும் கேளுங்க.

— கிண்டலா?

— சத்தியமா இல்ல.

— சரி, பாரத்துல அடுத்த கேள்வி. எங்க கவனிப்பு எப்படி? திருப்தியா, சுமாரா?

— திருப்தி. ஒரே ஒரு குறை. மருந்து கொடுக்கறவரு ரொம்பத் தன்மையானவரு. கடிஞ்சு ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறாரு.

— அது ஒரு குறையா?

— எனக்குக் குறைதான்.

— இந்தா பாருங்க அண்ணே, டப்பாவை இப்படிக் கொடுங்க. நாலு நாள் போடலைன்னா நாலு மாத்திரை மிச்சம் இருக்கணும். எங்கே?

— கீழ கொட்டிடுச்சு.

— போன மாசமும் கொட்டிடுச்சு. உங்க ரத்த ரிப்போர்ட் காலையில வந்தாச்சு. கிருமி கண்ணுக்கே தட்டுப்படலை. ஆறு மாசம் முன்னாடி எடுத்ததுலயும் அப்படித்தான். நீங்க ஒரு வேளைகூட விடலை. விட்டுட்டு விடலைங்கறவங்களைத் தினம் பார்க்கறேன். விடாமலே விட்டேன்னு சொல்ற ஆளு நீங்க ஒருத்தர்தான். ஏன்?

— டப்பாவைக் கொடுங்க மேடம், நான் கிளம்பறேன்.

— இப்படி ஒழுங்காப் போடறவங்களுக்கு ஆறு மாச மருந்தை மொத்தமாக் கொடுத்துடுவோம். வேலையைக் கெடுத்துக்கிட்டு மாசாமாசம் அலைய வேண்டாம்.

— வேணாம் மேடம். ஆறு மாசம் என்னை யாரு திட்டுவா?

— என்ன பேச்சு இது?

— முன்னெல்லாம் வீட்டுக்காரி திட்டுவா. சாப்பிட்டுக் கை கழுவறதுக்குள்ள டம்ளர்ல தண்ணியோட வந்து நிப்பா. நான் முழுங்கற வரைக்கும் நகர மாட்டா. கொஞ்சம் தாமசம் பண்ணினா போதும், வாய்க்கு வந்தபடி வாங்கு வாங்குன்னு வாங்குவா.

— அவங்க போய் ரெண்டு வருஷம்னு ஃபைல்ல பார்த்தேன். வீடு வெறிச்சுனு இருக்கும். புரியுது அண்ணே.

— இல்ல மேடம், உங்களுக்குப் புரியலை. அவளுக்கும் இதே சீக்குதான். நான் கொடுத்தது. ரெண்டு பேரும் ஒரே நாள்ல இங்க வந்துதான் மருந்து வாங்க ஆரம்பிச்சோம். நீங்க அப்ப வேலைக்கு வரலை.

— அப்புறம் எப்படி அவங்களுக்கு மட்டும்…

— அவளை அடக்கம் பண்ணிட்டு வந்து துணிப்பெட்டியைத் திறந்தேன். புடவைக்கு அடியில ஏழு டப்பா. ஒண்ணோட மூடிகூடத் திறக்கலை.

— ஐயோ. இங்க யாரும் விசாரிக்கலையா?

— விசாரிச்சாங்க. இதே நாற்காலியில உட்கார்ந்து, ஒரு வேளையும் விட்டதில்லைன்னு சொன்னா. பக்கத்துலதான் நான் இருந்தேன்.

— எதுக்கு அண்ணே அப்படிச் செஞ்சாங்க?

— தெரியலை மேடம். எனக்குத் தண்ணி எடுத்துக்கிட்டு வந்தவளை, நீ போட்டியான்னு நான் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. அதுக்கு இதுவரைக்கும் யாருமே என்னைத் திட்டலை.