தங்கைக்குப் போட்ட கண்ணாடி

கண்ணாடி போட்டவர்கள் பார்வை மங்கினால் முதலில் துணியை எடுத்துத் துடைப்பார்கள். துடைத்தும் சரியாகவில்லை என்றால் தூக்கம் போதவில்லை என்பார்கள், வயதாகிறது என்பார்கள். லென்ஸைச் சந்தேகப்படுகிறவர்கள் குறைவு. கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டிப் பொருத்துகிற வேலையில் இத்தனை வருடம் இருந்ததில் நான் தெரிந்துகொண்டது இது. இன்ஸ்பெக்டர் மேடம், நீங்கள் அவசரப்படாமல் கேட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

என் தங்கையை வீட்டில் பொடிசு என்றுதான் கூப்பிடுவோம். கூப்பிடுவோம் என்ன, கூப்பிட நான் ஒருத்திதான் மிச்சம். அம்மா போனபோது அவளுக்குப் பால்பல் விழ ஆரம்பித்திருந்தது. அப்பா அதற்கு முன்பே வேறு குடும்பம் பார்த்துக்கொண்டு போய்விட்டார். நான் படிப்பை நிறுத்திவிட்டுக் கடையில் சேர்ந்தேன். அதை அவளிடம் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. அவசியமும் இருக்கவில்லை, அவளே அடிக்கடி சொல்லிக்கொள்வாள்.

கல்லூரி முடித்ததும் மேல்படிப்புக்கான நுழைவுத் தேர்வுக்குப் படிக்க ஆரம்பித்தாள். கம்ப்யூட்டரில் எழுதுகிற தேர்வு. நீள நீளமான பத்திகளைக் கடிகாரம் ஓட ஓட வாசித்துப் பதில் சொல்ல வேண்டும், கணக்கும் உண்டு. நல்ல மதிப்பெண் வந்தால் கடல் தாண்டி ஒரு பல்கலைக்கழகம் செலவையெல்லாம் ஏற்றுக்கொள்ளும். வீடு முழுக்கச் சொற்களை எழுதி ஒட்டினாள். குழாய்க்கு மேலே ஒன்று, சர்க்கரை டப்பாவில் ஒன்று. நான் காய் நறுக்கிக்கொண்டே அட்டையைப் பார்த்துக் கேட்பேன், அவள் அர்த்தம் சொல்வாள். பாதிச் சொற்கள் என் வாயில் நுழையாது. "அக்கா, நீ சொல்றதக் கேட்டா அந்த வார்த்தையே ஊர விட்டு ஓடிரும்" என்று சிரிப்பாள். அந்த மாதங்கள் சந்தோஷமாகத்தான் இருந்தன. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு மாதிரித் தேர்வில் அவளுக்கு எதிர்பார்த்ததற்கு மேலேயே வந்தது. அடுப்படிக்கு ஓடி வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டு சுற்றினாள்.

"இந்த மார்க் வந்தா சீட் உறுதிக்கா. படிச்சு முடிச்சா அங்கயே வேலையும் கெடைச்சிரும்."

"கெடைக்கட்டும்டி."

"நீ தனியா இருந்துப்பேல்ல?"

கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். கடைக்குப் போகிறேன், ஏதாவது வேணுமா என்று கேட்கிற மாதிரி.

"எனக்கென்ன, ஜம்முனு இருப்பேன்" என்றேன்.

அந்த வாரம் அவளுடைய கண்ணாடி ஃபிரேம் ஒடிந்தது. புது ஃபிரேம், புது லென்ஸ். அவளுக்குச் சிலிண்டர் பவர், அதாவது ஒரு திசையில் மட்டும் வேலை செய்கிற பவர், உண்டு. அதில் எண் மட்டும் சரியாக இருந்தால் போதாது, லென்ஸைப் பொருத்துகிற கோணமும் சரியாக இருக்க வேண்டும். கோணம் திரும்பினால் எழுத்து அழிந்துவிடாது, படிக்க வரும். ஆனால் வரி லேசாகச் சாயும். கண் அதை நிமிர்த்திப் பார்த்துப் பார்த்தே களைத்துப்போகும், பின்மண்டை வலிக்கும். நான் கொஞ்சம் திருப்பிப் பொருத்தினேன்.

"புதுக் கண்ணாடின்னா பழக நாளாகும்டி" என்று நானே அவள் மூக்கில் மாட்டியும் விட்டேன்.

மதிப்பெண் இறங்கியது. கொஞ்ச நேரம் வாசித்தால் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்துவிடுவாள். தலையை மடியில் வைத்துத் தைலம் தேய்த்துவிடுவேன். சிறு வயதுக்குப் பிறகு அவள் என் மடியில் படுத்தது அப்போதுதான். "எனக்கு மூளை மழுங்கிருச்சுக்கா" என்று ஒரு நாள் அழுதாள். மறுநாள் கடைக்குப் போய்ச் சரியான லென்ஸ் வெட்டி இழுப்பறையில் வைத்தேன். இன்றைக்குக் கொடுக்கலாம், நாளைக்குக் கொடுக்கலாம் என்றே இருந்துவிட்டேன்.

கண் டாக்டரிடமும் நான்தான் கூட்டிப்போனேன். பவர் மாறவில்லை என்றார். கண்ணாடியையும் பார்க்கக் கை நீட்டினார். "அத நானே மெஷின்ல வெச்சுப் பாத்துட்டேன் டாக்டர்" என்றேன். என் வேலையை அவர் பல வருடமாகப் பார்த்தவர். நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

தேர்வில் அவளுக்கு மிகவும் குறைவாகத்தான் வந்தது. விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். விடவில்லை. மறுபடியும் எழுதுவதற்குப் பதிவு செய்தாள், வலியோடு வலியாகப் படித்தாள். "இந்த ஃபிரேம் எனக்கு ராசியே இல்லக்கா, வேற போட்டுக் குடு" என்றாள். வேறு போட்டுக் கொடுத்தேன். இந்தத் தடவை கோணத்தை இன்னும் கொஞ்சம் அதிகமாகத் திருப்பினேன்.

அந்த அளவுக்குத் திருப்பினால் சாய்வது வரி மட்டுமில்லை, தரையும் சாயும். எனக்குத் தெரியாத விஷயமில்லை. புதுக் கண்ணாடியோடு படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று கடைக்கு வருகிறவர்களிடம் நானே சொல்லி அனுப்புவேன். அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கண்ணாடியைப் பற்றி யோசித்திருப்பாள். இரண்டாவது தேர்வை எழுதிவிட்டு வெளியே வந்தவள், தேர்வு மையத்தின் மாடிப்படியில் கால் தப்பி உருண்டு விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது, மண்டையில் தையல். ஆஸ்பத்திரியில் யாரோ உடையாமல் கிடந்த லென்ஸை மெஷினில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள், கோணம் கண் டாக்டர் எழுதியதோடு ஒத்துப்போகவில்லை. அதனால்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

கை தவறியிருக்கும் என்று எங்கள் முதலாளி உங்களிடம் சொன்னாராம். நல்ல மனுஷர். என் கை தவறவில்லை மேடம். இரண்டு தடவையும் அளந்து பார்த்துத்தான் திருப்பினேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நேற்று நினைவு தெளிந்ததும் அவள் என் கையைத் தடவிப் பிடித்துக்கொண்டு, "எதுவுமே தெளிவாத் தெரியலக்கா, நீ எங்கயும் போயிராத" என்றாள். கண்ணாடி இல்லாமல் அவளால் முடியாது. புதிதாக ஒன்று போட ஆஸ்பத்திரியில் வேறு யாரையாவது கூப்பிடுவார்கள். கூப்பிட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவள் கண்ணுக்கு எது நல்லது என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? நானே போட்டுக் கொடுக்கிறேன்.