கவ்வி இருந்த பக்கம்

அந்தக் குட்டி எஞ்சினைத் தொடாதீங்க அம்மிணி. கைப்பிடிக் கம்பியெல்லாம் தலைமுடி கனம்தான், வெரல் பட்டாலே வளைஞ்சிரும். அந்த ஸ்டூல்ல உக்காருங்க. பேருதான் கராஜு, இதுல கார் நிறுத்தி ஒம்போது வருஷமாச்சு. ஊருக்கு அந்தக் கோடி பிளாட் புஷ்ல இருந்து இந்தக் கோடி ஹென்டர்சன் வரைக்கும் நீங்களேவா ஓட்டிட்டு வந்தீங்க? உங்க வீட்டுக்காரர் ராம்பிரசாத் வண்டி எடுக்கறதே இல்லையா இப்ப? ம்ம். எங்கிட்டயும் சொன்னாரு. எனக்கு எது வலது எது இடதுன்னே நம்பிக்கை இல்லீங்கண்ணா, யாரு மேலயாச்சும் ஏத்திருவேன்னு பயமா இருக்குன்னாரு.

அந்தப் படத்தைப் பாக்கோணும்னுதானே வந்தீங்க? காட்டறேன். என்ன அவசரம். மொதல்ல இது என்ன சமாச்சாரம்னு தெரிஞ்சுக்கோங்க. மூணு வருஷமா அவரு உங்க வீட்டுக் கராஜுக்குள்ளயே கெடந்தாரே, என்ன செய்யறார்னு ஒரு நாளாச்சும் கேட்டிருக்கீங்களா? டீ கொண்டுபோய் வெப்பீங்களா. சரி, டீ வெச்சீங்க. நல்லதுதான்.

இந்த ஸ்காட்லாந்து டீசல் ரயில் எஞ்சின் இருக்குதுங்களே, அது ஒரு தோத்துப்போன சாதி. நீராவி எஞ்சினை ஒழிச்சாகோணும்னு அம்பதுகளோட கடைசில அவசர அவசரமா செஞ்சாங்க. மலைக்காட்டுல பாதிவழியில நின்னுக்கும். சிலது பொகைஞ்சு தீயே பிடிச்சுருக்கு. பத்துப் பன்னண்டு வருஷத்துல முக்கால்வாசியை வெட்டி இரும்புக்குப் போட்டுட்டாங்க. அதுனாலயே அது மேல எங்களுக்கு உசுரு. நல்லா ஓடுன எஞ்சினை எவன் வேணா நெனச்சுட்டு இருப்பான். நானும் உங்க வீட்டுக்காரரும் ஸ்காட்லாந்துல காலே வெச்சதில்ல. நான் பல்லடத்துக்காரன், அவரு மாயவரம். கண்ணுல காணாத எஞ்சினுக்கு ரெண்டு பேரும் ஏங்கிட்டுக் கெடந்தோம். சிரிக்காதீங்க. ஓ, சிரிக்கலீங்களா. அழுகறீங்களா. அந்தா டிஷ்யூ இருக்கு பாருங்க, பெயிண்டு தொடைக்கறது, பரவால்ல.

எங்க மாடல் ரயில் கிளப்புல அந்த எஞ்சினை நெசமா ஓட்டுன ஆளு ஒருத்தர்தான். டங்கன். எம்பத்தேழு வயசு, வீல் சேரு. சின்ன வயசுல அங்க டிரைவருக்குத் துணையாளா இருந்தவரு. ஒத்தைத் தடத்துல எதிர்க்க வேற வண்டி வந்துறக் கூடாதுன்னு ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் ஒரு வட்டு குடுப்பாங்க. அது கைக்கு வந்தாத்தான் அடுத்த ஸ்டேஷனுக்குப் போகலாம். நம்மூர்லயும் வளையத்துல மாட்டி நீட்டுவாங்களே, அதேதான். ஓடுற ஓட்டத்துலயே அதைப் பிடிக்கறதுக்கு, எஞ்சின்ல டிரைவர் ரூமுக்குப் பக்கவாட்டுல பள்ளம் வெட்டி ஒரு கவ்வி மாட்டிருப்பாங்க. டங்கன் வேல பாத்த எஞ்சினுக்கு அந்தக் கவ்வியை ஷெட்டு ஆளுங்களே அவங்க இஷ்டத்துக்கு வெட்டி ஒட்டுனது. டிராயிங் கெடையாது. அதுக்கு இருக்கற ஆதாரம் ஒரே ஒரு ஸ்லைடு, அந்தக் காலத்து ஃபிலிம் படம். ஒடைக்கப் போற வரிசையில, நம்பரெல்லாம் அழிச்சுட்டு நிக்கறப்ப டங்கனே எடுத்தது.

அந்த ஸ்லைடை ஸ்கேன் பண்ணுனது நானு. நானும் ராம்பிரசாத்தும் மட்டும் பாக்கற மாதிரி ஆன்லைன்ல ஒரு ஃபோல்டர் வெச்சிருந்தோம், அதுல போட்டேன். அவரு ஐபேடுல அதைத் தொறந்து வெச்சுட்டுத்தான் மூணு வருஷமும் பித்தளைத் தகடு வெட்டுனாரு. ஒரு சாண் எஞ்சின். டங்கனோட பொறந்த நாளுக்குக் குடுக்கறதுன்னு முடிவு பண்ணி, ஒனிஹங்கா ஹாலுக்குக் கிளப்புக் கண்காட்சி அன்னைக்கு எடுத்துட்டு வந்தாரு.

நீங்க அன்னைக்கு வரலியே? ட்யூட்டியா. வந்திருக்கோணும். எரநூறு பேர் இருப்பாங்க. உங்க வீட்டுக்காரர் எஞ்சினைக் கொண்டுபோய் டங்கன் மடியில வெச்சாரு. டங்கன் தடவுனாரு, கண்ணாடியைக் கழட்டிட்டுப் பாத்தாரு, திருப்பித் திருப்பிப் பாத்தாரு. அப்புறம் சொன்னாரு, இது என்னோட எஞ்சின் இல்லப்பா, கவ்வி தப்பான பக்கம் இருக்குது, நான் இந்தக் கையாலதான் வட்டு எடுப்பேன்னு. திட்டலை. ரொம்பத் தன்மையாத்தான் சொன்னாரு. எடுத்து மேசை மேல வெச்சுட்டாரு. உங்க வீட்டுக்காரர் மொகத்தைப் பாக்கோணுமே. எல்லாரும் பாத்தாங்க. நானும் பாத்தேன். பாத்துட்டே இருக்கலாம் போல இருந்துச்சு.

கோவிச்சுக்காதீங்க, உள்ளதைச் சொல்றேன்.

படத்துல அப்படித்தான் இருந்துச்சுன்னு அங்கயே நின்னு கத்துனாரு. ஐபேடு வீட்டுல. போய்ப் பாத்தா படத்துல கவ்வி டங்கன் சொன்ன பக்கம். மறுநாள் ஞாயித்துக்கெழமை இங்க வந்தாரு. நீங்க உக்காந்திருக்கற அதே ஸ்டூல்தான். நான் ஸ்லைடை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சுக் காட்டுனேன். அதுலயும் அதே பக்கம். கையை மடியில வெச்சுட்டு உக்காந்திருந்தாரு. மூணு வருஷமா தெனம் பாத்த படத்தை மூளை வலது இடதா மாத்திப் பாத்திருக்குதுங்கண்ணா, எங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுதுன்னாரு. அவங்கப்பாவுக்கு அம்பத்தஞ்சுல மறதி வந்து, சொந்த வாசல்ல நின்னுட்டு இது யாரு வீடுன்னு கேட்டாராமே. டிரெயின்ல வர்றப்ப எப்பவோ சொல்லிருக்காரு. இவருக்கு இப்ப அம்பத்துநாலு, இல்லீங்களா? ஆஸ்பத்திரில மருந்து எடுத்துக் குடுக்கற வேல வேற. அதுக்கும் லீவு போட்டாச்சா. வேலையையே விடறேங்கறாரா? பாவம், அதுவும் ஞாயந்தான். மருந்து மாறுச்சுன்னா ஆளே போயிரும்.

என்ன சொன்னீங்க? நீங்க பாத்தீங்களா. டீ வெக்கறப்ப. ஐபேடு படத்துல கவ்வி இவரு வெச்ச பக்கமே இருந்துச்சா. நல்லாத் தெரியுமா? எஞ்சினுக்கு மொகம் எது முதுகு எதுன்னு தெரியுமா உங்களுக்கு? தெரியாது. ஆனா கவ்வி தெரியும். புருசன் பாசத்துல தோணும், தப்பில்ல. மூளை டாக்டர் கேட்டா இதைச் சொல்லலாம்னு வந்தீங்களாக்கும்.

சரி, உக்காருங்க. எந்திரிக்காதீங்க. டங்கனுக்குப் பக்கத்துல பன்னண்டு வருஷம் நானு ஒருத்தன்தான் இருந்தேன். அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது, அவரு வீட்டுப் புல்லு வெட்டறது, எல்லாம் நாந்தான். எட்டு எஞ்சின் செஞ்சு காட்டிருக்கேன். ஒவ்வொண்ணையும் பாத்துட்டு நைஸ்ம்பாரு. அவ்வளவுதான். உங்க வீட்டுக்காரர் கிளப்புக்கு வந்து ஒரு வருஷம் கூட ஆகலை, ஒரு சரக்குப் பெட்டி செஞ்சு கொண்டாந்தாரு. வெறும் பெட்டி. துருப் பிடிச்ச மாதிரியே பெயிண்டு அடிச்சிருந்தாரு அதுல. டங்கன் அதைப் பாத்துட்டு அழுதாரு. எனக்கு அன்னைக்கு வயிறு எரிஞ்ச எரிச்சல், இன்னும் எரியுது.

ஸ்லைடுல பளபளன்னு ஒரு பக்கம், மங்கலா ஒரு பக்கம் இருக்கும். ஸ்கேன் பண்றப்ப மாத்திப் போட்டா படம் வலது இடதாத் திரும்பிக்கும். எங்க ஆளுங்க எல்லாருமே ஒரு தடவையாச்சும் இந்தத் தப்பைப் பண்ணிருப்பாங்க. நம்பர் தெரிஞ்சா ஒடனே கண்டுபிடிச்சரலாம். இதுல நம்பர் இல்ல. நான் தெரியாமத்தான் போட்டேன், சத்தியமா. டங்கன் அழுதாரே, அதே வாரம்தான் இவரு வெட்டுன தகட்டைப் பாத்தேன். தப்பான பக்கம் பள்ளம். ஸ்லைடை எடுத்துப் பாத்தேன், புரிஞ்சு போச்சு. ஒரு வார்த்தை சொல்லிருந்தா ஒரு தகடுதான் வீணாயிருக்கும். சொல்லலை. ரெண்டு வருஷம் சொல்லலை. செய்யட்டும்னு விட்டுட்டேன்.

கண்காட்சில அவரு படத்துல அப்படித்தான் இருந்துச்சுன்னு கத்துனப்ப எல்லாரும் எம்பக்கம் திரும்புனாங்க. ஸ்கேன் பண்ணுனவன் நானு. காருக்குப் போய்ட்டு வர்றேன்னு வெளிய வந்தேன். போன்லயே படத்தைத் திருப்பி, பழசை அழிச்சுட்டு அதே பேர்ல புதுசைப் போட்டுட்டேன். ரெண்டு நிமிஷம் ஆகியிருக்குமா. அவரு வீட்டுக்குப் போய்த் தொறக்கறப்ப எல்லாம் சரியா இருந்துச்சு. அதுனால உங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணும் இல்லீங்க. மூளை நல்லாத்தான் இருக்குது. நீங்க பாத்ததும் சரிதான்.

சொல்லுங்களேன். போய்த் தாராளமாச் சொல்லுங்க. நேத்து அவரே கூப்பிட்டாரு. பழனிசாமியண்ணா, ஸ்ருதி உங்களைப் பாக்க வருவா, படத்தை யாரோ மாத்திட்டாங்கன்னு ஏதேதோ சொல்றா, என்னால அவளுக்கும் மனசு கெட்டுப்போச்சு, நீங்க தப்பா எடுத்துக்காதீங்கன்னு கேட்டுக்கிட்டாரு. புதன்கெழமை டாக்டர்கிட்ட உள்ள கூட வர்றதுக்கும் என்னையத்தான் கூப்பிட்டிருக்காரு. நான் ஒம்போதரைக்கு வீட்டுக்கு வந்துருவேன், அவரை ரெடியா இருக்கச் சொல்லுங்க.