வடக்கத்திப் பையனுக்கு ஆறு முட்டை

…ஏழு நாள் லீவுன்னா ஏழு நாளும் வீட்ல இருக்கணுமா இல்லையா, நீங்களே சொல்லுங்க தம்பி. நாலாம் நாளு மத்தியானமே பையைத் தூக்கிட்டுப் போயிட்டா எம் பொண்ணு. ரெண்டு நாளா ஃபோனை எடுக்கல. அதான் நேர்லயே போறேன், ஹாங்ஜோவுக்கு, அவ காலேஜுக்கு. சீட்டு இல்லாத டிக்கெட்டுதான். அக்டோபர் லீவு முடியற நேரத்துல சீட்டு கேட்டேன், கவுண்டர்ல இருந்த பொண்ணு என்னைப் பாத்துச் சிரிச்சுது. சிரிச்சா சிரிக்கட்டும். மடக்கு முக்காலி கொண்டு வந்திருக்கேன்ல. உங்க காலை மட்டும் கொஞ்சம் உள்ள இழுத்துக்கங்க… ஆங், போதும்.

அதைக் காதுல மாட்டாதீங்க தம்பி, நான் பேசறது கேக்காது.

எம் பேரு லோ. யிவூ மொத்த மார்க்கெட்ல பொத்தான் கடை. முப்பத்திரண்டு வருஷம் ஆச்சு. உங்க சட்டையில மேல இருந்து மூணாவது பொத்தான் வேற சரக்கு, தெரியுமா? தெரியாதா? அப்ப உங்க வீட்டுக்காரம்மா கெட்டிக்காரி. நான் பள்ளிக்கூடம் போனவ இல்ல தம்பி. பதினொரு வயசுல எங்கப்பா பின்னாடி ஊர் ஊரா நடந்தவ. வெல்லக்கட்டியைக் குடுத்துட்டு கோழி இறகு வாங்கற யாவாரம். ஒரு கை இறகுக்கு எத்தனை வெல்லம்னு கேட்டு, வெல்லத்தைக் கொஞ்சமா உடைச்சு, திட்டு வாங்கி, இன்னும் கொஞ்சம் உடைச்சு… அப்படிப் படிச்ச படிப்பு. எம் பொண்ணு யாலிங் அப்படி இல்ல. கணக்கியல் படிக்கறா. மூணாவது வருஷம்.

லீவுக்கு ஒரு வாரம் முன்னாடி கூப்பிட்டா. "அம்மா, என் கூடப் படிக்கறவங்க மூணு பேர் வராங்க"ன்னா. வரட்டும், நம்ம வீட்ல என்ன இடமா இல்லைன்னேன். உண்மையிலேயே இடம் இல்ல. ஒரு ரூம் பூரா பொத்தான் மூட்டை. அவங்கப்பாவும் நானும் ராவோட ராவா மூட்டையெல்லாம் மாடிப்படியில அடுக்கி, படுக்கை போட்டோம். இன்னைக்கும் மாடி ஏறணும்னா பக்கவாட்டுல திரும்பித்தான் ஏறணும்.

வந்தாங்க. ஒருத்தி மான்மான்னு, ஹார்பின் பொண்ணு. முடி இடுப்பு வரைக்கும். அவ ஒருநாள் குளிச்சா, எங்க வீட்டுத் தண்ணிக்குழாய் மூணுநாள் அடைச்சுக்கிச்சு. ஒருத்தன் போவென், அவனும் வடக்கத்தி, ஷான்டோங் பையன். ஆறடிக்கு மேல. வாசல் நிலையில அவன் தலை இடிச்ச இடத்துல இன்னும் எண்ணெய்க் கறை இருக்கு. சோறு போட்டா, "ஆன்ட்டி, ரொட்டி இருக்கா, பச்சைப் பூண்டு இருக்கா"ன்னு கேப்பான். பூண்டைக் கடிச்சுட்டு எதிர்ல வந்து நின்னு நன்றி சொல்லுவான். நன்றியைத் தூரத்துல இருந்து சொல்லக் கூடாதா? இன்னொருத்தன் ச்சிமிங். பக்கத்து ஊரு ஜூஜிக்காரன்தான். அவங்கப்பா சிப்பி வளக்கறாரு, முத்துக் குளம். ஒல்லியா இருப்பான். பேச மாட்டான். சாப்பிட்ட கிண்ணத்தை அவனே கழுவிருவான். என் கிண்ணத்தையும் கழுவிருவான். அதுலயே எனக்கு எரிச்சல்.

தின்பண்ட வண்டி வருது, இருங்க, எந்திரிக்கறேன்… ஏம்ப்பா, அந்த வண்டியைத் தள்ளிட்டு எத்தனை தடவைதான் போவே? இப்பதானே போனே. யாராவது வாங்கினாங்களா? வாங்கல. அப்புறம் எதுக்கு எங் கால் மேல ஏத்தறே? போ, போ.

எங்க விட்டேன்… ஆங். இந்த ரெண்டு பையன்ல எம் பொண்ணு மனசுல இருக்கறது யாரு? அதுதானே தாய்க்காரிக்குத் தெரியணும். மூஞ்சில எழுதியா ஒட்டியிருக்கு?

அவ சொல்லலையான்னு பாக்கறீங்க. அதை விடுங்க. கதையைக் கேளுங்க.

நீங்க எந்த ஊரு, அன்ஹுய்யா? அப்ப உங்க பக்கம் எப்படின்னு எனக்குத் தெரியாது. எங்க பக்கம், கல்யாணத்துக்கு முன்னாடி பொண்ணு வீட்டு வாசல்ல மொத மொத வந்து நிக்கறவனை முடிக்கால் மாப்பிள்ளைன்னு சொல்லுவோம். கால்ல முடி இருக்கு, இன்னும் பக்குவமாகலைன்னு அர்த்தமாம், யாரு கண்டா. அவனுக்கு அந்தப் பொண்ணோட அம்மா சக்கரைத் தண்ணியில முட்டை உடைச்சு ஊத்தி வேகவச்சுக் குடுப்பா. வாயைத் தொறந்து சரின்னோ வேணாம்னோ சொல்ற பழக்கமே இல்ல. எல்லாம் கிண்ணம்தான் பேசும். ரெண்டு முட்டைன்னா விருந்தாளி. நாலுன்னா பாக்கலாம். ஆறுன்னா எம் பொண்ணு உனக்கு. வெறும் டீயை மட்டும் வச்சான்னா, குடிச்சிட்டுக் கெளம்புப்பான்னு அர்த்தம். ஆறு குடுத்தா அவன் நாலைத் தின்னுட்டு ரெண்டை மரியாதைக்கு மிச்சம் வைக்கணும். இது எங்க ஊர்ல அஞ்சு வயசுப் புள்ளைக்கும் தெரியும்.

நாலாம் நாளு மத்தியானம் என் நாத்தனாருங்க ரெண்டு பேரும் வந்துட்டாங்க. சும்மா வந்தோம்னு சொன்னாங்க. சும்மா வரவ எதுக்குத் தம்பி பட்டுச் சட்டை போட்டுட்டு வரா? நான் அடுப்படிக்குப் போனேன். ஆறு முட்டை. சக்கரை தாராளமா. மேல கொஞ்சம் பூ மணம் வர சிரப்பு. கொண்டு வந்து வச்சேன், போவென் முன்னாடி.

ஆமா. அந்த ஷான்டோங் ஒட்டகத்து முன்னாடிதான்.

அவனுக்கு என்ன தெரியும்? "ஐயோ, ஆன்ட்டி, பசியா இருந்துச்சு"ன்னு கிண்ணத்தைத் தூக்கினான். ஒண்ணு, ரெண்டு, மூணு… ஆறும் உள்ள போச்சு. சக்கரைத் தண்ணியையும் குடிச்சான். கிண்ணத்தைக் கவுத்துக் காட்டினான் தம்பி. மிச்சம் வைக்காம தின்னா என்ன அர்த்தம்? இன்னைக்கே கூட்டிட்டுப் போறேன்னு அர்த்தம். நாத்தனாருங்க கை தட்டறாளுங்க. சின்னவ ஃபோட்டோ எடுத்து குடும்பக் குரூப்ல போட்டுட்டா. அறுபத்திமூணு பேர் இருக்கற குரூப்பு. சாயங்காலத்துக்குள்ள என் வீட்டுக்காரரோட அண்ணன் ஃபோன் பண்ணி, மாப்பிள்ளைக்குக் கட்டில் என்ன அளவுல செய்யறதுன்னு கேக்கறாரு. ஆறடி தாண்டியிருக்காம், சாதாக் கட்டில் பத்தாதாம்.

அந்த ஹார்பின் பொண்ணு மான்மான் வெள்ளையா வெளிறிப் போயிட்டா. ஏன்னு பாத்தா, போவென் அவளோட ஆளாம். அதை யாரு எனக்குச் சொன்னாங்க? இன்னைக்கு வரைக்கும் அவ அவன் கூட பேசல. ரெண்டு பேரும் எங்க வீட்லதான் இருக்காங்க, நாளைக்குத்தான் டிக்கெட். என் வீட்டுக்காரரு ரெண்டு பேருக்கும் நடுவுல உக்காந்து, "உப்பை எடுத்துக் குடுன்னு சொல்றான்மா"ன்னு தூது போயிட்டு இருக்காரு. போவென், பாவம், என்கிட்ட வந்து, "ஆன்ட்டி, நான் வேணா அந்த முட்டைக்குப் பதிலா முட்டை வாங்கி வச்சிடறேன்"னு சொல்றான். திருப்பிக் குடுத்துடலாம்னு நெனச்சிருக்கான்.

ச்சிமிங்குக்கா? அவனுக்கு… டீ வச்சேன்.

அப்படிப் பாக்காதீங்க.

அவன் ஜூஜிக்காரன் தம்பி, அவனுக்குத் தெரியாதா? அந்த டீயைப் பாத்தான். என்னைப் பாத்தான். முழுசாக் குடிச்சான். கப்பைக் கழுவி, துடைச்சு, இருந்த இடத்துலயே வச்சான். "ஆன்ட்டி, நான் கெளம்பறேன்"னு சொல்லிட்டு மாடிப்படியில பொத்தான் மூட்டைக்குப் பக்கவாட்டுல திரும்பி எறங்கிப் போனான்.

சரி. சொல்றேன். யாரு என்னன்னு எம் பொண்ணு சொல்லத்தான் செஞ்சா. சொல்லலைன்னு நான் எப்பச் சொன்னேன்? விடுங்கன்னுதானே சொன்னேன். ஃபோன்லயே சொன்னா. "அம்மா, வரதுல ச்சிமிங்னு ஒருத்தன், அவன்தான். உன் கடை வேலையெல்லாம் அவன்கிட்டக் காட்டாதே"ன்னா. அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லாம இருந்திருக்கலாம்.

எனக்குப் பையன் மேல கோவம் இல்ல தம்பி. அவனை மொத நாளு மார்க்கெட்டுக்கு அனுப்பினேன், கோழி வாங்கிட்டு வான்னு. போனான். கேட்ட வெலையைக் குடுத்துட்டு வந்துட்டான். கேட்ட வெலையை! ஏண்டான்னா, "அந்தம்மா காலைல இருந்து நிக்கறாங்க ஆன்ட்டி"ங்கறான். எங்க வீட்டுக்கு அவங்கம்மா வறுத்துக் குடுத்த கொட்டை, பாதாம் மாதிரி, அவங்க ஊர்ச் சரக்கு, ஒரு பை கொண்டு வந்தான். வாங்கறப்பவே, "இது போன வருஷத்துச் சரக்கு"ன்னேன். எதைக் கையில குடுத்தாலும் அப்படிச் சொல்லித்தான் வாங்குவேன், அது வாயில வந்துருது. இந்த வருஷத்துதான், புதுசு, நெய்யா இருந்துச்சு. அவன், "இல்ல ஆன்ட்டி, புதுசு"ன்னுகூட ஒரு வார்த்தை சொல்லல. "மன்னிச்சுக்கங்க"ன்னான். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. ஒரு பிடி கொட்டைக்காக வாதாடாதவன் நாளைக்கு எம் பொண்ணுக்காக வாதாடுவானா? அவனோட வீட்ல, அவனோட வேலையில, யாராவது ஒருத்தன் அவளை ஒரு வார்த்தை சொன்னா இவன் கப்பைக் கழுவிட்டு நிப்பானா? நீங்களே சொல்லுங்க.

அதான் மார்க்கெட்ல செய்யறதைச் செஞ்சேன். நமக்கு எது வேணுமோ அதைப் பாக்கக் கூடாது. பக்கத்துல இருக்கறதைக் கையில எடுத்து, "ஆஹா, என்ன நெறம், என்ன கனம்"னு புகழணும். அப்பதான் எதிராளிக்குச் சூடு வரும், வாயைத் தொறப்பான், பேரத்துக்கு வருவான். ச்சிமிங் எந்திரிச்சு, "ஆன்ட்டி, அது என் கிண்ணம்"னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அந்த ஒட்டகத்துக் கையில இருந்து பிடுங்கி இவன் கையில குடுத்திருப்பேன். முட்டை தனியா இன்னும் ஆறு எடுத்து வச்சிருந்தேன், அடுப்புக்குப் பக்கத்துல. யாருக்கும் தெரியாது.

சொல்லவே இல்லையே. நடந்துட்டான்.

நடக்கறவனைப் பத்தி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேணாம். தெனம் நூறு பேர் என் கடையில இருந்து நடந்து போறாங்க. நெஜமாப் போறவன் யாரு, திரும்பி வரவன் யாருன்னு முதுகைப் பாத்தே சொல்லிடுவேன். ஜன்னல்ல நின்னு பாத்தேன். கடையில நடந்து போறவனை மூணாவது அடியில கூப்பிட்டுரணும். அதுதான் கணக்கு. கூப்பிடல. திரும்புவான் திரும்புவான்னு… பழக்கடை தாண்டிட்டான், பேங்க் தாண்டிட்டான், பஸ் ஸ்டாப்புக்கே போயிட்டான். முதுகு ஒரு தடவைகூட தயங்கல.

யாலிங் எம் பக்கத்துலதான் நின்னா. கத்தினா பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவ கத்தல. "மூணாவது அடியில கூப்பிடணும்னு நீதானேம்மா எனக்குச் சொல்லிக் குடுத்தே"ன்னா. பையை எடுத்தா. அவ்வளவுதான். அவ வர்றது வருஷத்துக்கு ரெண்டு தடவை தம்பி. அக்டோபர்ல ஒண்ணு, புது வருஷத்துக்கு ஒண்ணு. இப்ப போனவ புது வருஷத்துக்கு அவங்க வீட்டுக்குப் போயிட்டா? ஜூஜியில, அந்தக் குளக்கரையில, அவங்கம்மா சமைச்சதை உக்காந்து சாப்பிட்டா? அந்தம்மா நல்லவங்களா வேற இருக்கணும். அந்தக் கொட்டை வறுத்த பக்குவத்தைப் பாத்தாலே தெரியுது.

இருங்க. ஃபோன்.

யாலிங்தான். காலையில, "ரயில் ஏறிட்டேன், நின்னுக்கிட்டே வரேன்"னு வாய்ஸ்ல அனுப்பியிருந்தேன். முக்காலி விஷயம் சொல்லல. என்ன எழுதியிருக்கா, படிங்களேன், கண்ணாடியை வீட்ல வச்சிட்டேன்… "ச்சிமிங் கேக்கச் சொன்னான். எத்தனை முட்டை?"

எத்தனை முட்டையாம். தம்பி, பாத்தீங்களா? கேக்கறான். வாயைத் தொறந்துட்டான் பய. பேரத்துக்கு வந்துட்டான். இருங்க, இருங்க, அவசரப்படக் கூடாது. உடனே ஆறுன்னா வெல போயிடும். நாலுன்னு போடறேன். நாலுல இருந்து ஆரம்பிச்சாத்தான்… ஏன் தலையை ஆட்டறீங்க? முப்பத்திரண்டு வருஷம் நான் யாவாரம் பண்றேனா நீங்க பண்றீங்களா? நாலு. அனுப்பிட்டேன்.

…

படிச்சுட்டா. பதில் வரல.

இன்னும் வரல. இந்த ரயில் என்ன இவ்வளவு மெதுவா போகுது. நீங்க எங்க எறங்கணும்? அடுத்ததா? உக்காருங்க, இன்னும் நேரம் இருக்கு. இதோ, வந்துருச்சு. என்ன போட்டிருக்கா? "சொல்லிட்டேன். எந்திரிச்சு நடக்கறான்."

நடக்கறானா? எங்க நடக்கறான்? யாரு இவனுக்கு இதையெல்லாம் சொல்லிக் குடுத்தது… அவதான். எம் பொண்ணுதான். எங்கிட்டயே. ஆறு. ஆறுன்னு போடறேன். விரல் வழுக்குது, இந்த ஃபோன் ஒரு சனியன்… ஆறு. போச்சு. படிச்சாளா? படிச்சுட்டா. பதில் இல்ல. எத்தனாவது அடியில இருக்கானோ.

எட்டு.

அனுப்பிட்டேன் தம்பி. எட்டு. யாரும் கேக்கல, எதிர்ல யாரும் வெல சொல்லல, நானே ஏத்திட்டேன். "கொட்டை புதுசுதான்னு அவங்கம்மாகிட்டச் சொல்லு"ன்னும் வாய்ஸ்ல போட்டுட்டேன். இது என் கடைப் பக்கம் யாருக்காவது தெரிஞ்சுது, நாளையில இருந்து ஒரு பொத்தானும் லாபத்துக்கு விக்க முடியாது.

வந்துருச்சு. "ஸ்டேஷன் வாசல்ல நிக்கறோம். ரெண்டு பேரும்."

ரெண்டு பேரும்னா ரெண்டு பேரும்தானே? கண்ணாடி இல்லாம எட்டத்துல பிடிச்சுப் படிச்சேன், நீங்க ஒரு தடவை படிச்சுச் சொல்லுங்க. தம்பி… தம்பி?

ஏம்மா, இந்த சீட்ல இருந்த ஆளு எங்க? எறங்கிட்டாரா? ஸ்டேஷன் இன்னும் வரவே இல்லையே, கதவுகிட்டப் போய் நிக்கறாரா? சரி, நிக்கட்டும். நீ தள்ளி உக்காரு. இதைக் கொஞ்சம் படி. ரெண்டு பேரும்னுதானே போட்டிருக்கு?